ஏழு வெள்ளியும் ஒரு வலது காலும்

பிப்ரவரி 20, வெள்ளி

மேகமூட்டம். காற்றே இல்லை. காலை சுகர் 151. நேற்றைய மூன்றாவது தோசையின் கைங்கரியம்.

வேலைகள்: கார் ஆயில் மாற்ற. மாத்திரை ரீஃபில். மாலை 6.30, கோயில் பார்க்கிங் லாட்டில் தமிழ்ச் சிலுவைப் பாதை.

தவக்காலத்தின் முதல் வெள்ளி. நாற்பது பேர் ஷூவோடு, நான் மட்டும் வெறுங்காலோடு. ஆண்டவர் சிலுவை சுமந்த வழிக்குப் பதினான்கு ஸ்தலம், ஒவ்வொன்றுக்கும் முழங்கால் போட்டு எழுந்து, மொத்தம் முக்கால் மணி நேரம். பாதத்தில் கல் குத்தியதாகவே தெரியவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. தவக்காலத்தில் பெருமைப்படக் கூடாது. பட்டேன்.

அருள்ராஜ் காதருகே வந்தான். நாகர்கோவில்காரன். சுகர் லேண்ட் என்ற இந்த அமெரிக்க ஊரில் என்னை டே போட்டுப் பேசும் ஒரே ஆள்.

"என்னடே மக்கா, செருப்பு களவு போயிட்டா?"

"நேர்ச்சை டே."

"என்ன நேர்ச்சை?"

"வெளிய சொன்னா பலிக்காது."

அப்படி ஒரு சட்டம் திருச்சபையில் கிடையாது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். விட்டுவிட்டான்.

இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. அக்டோபரில் என் மனைவி ஸ்டெல்லாவின் மார்பு ஸ்கேனில் ஒரு புள்ளி. மூன்று வருடத்துக்கு முன் ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் பார்த்த அதே பக்கம். "பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். பெரும்பாலும். திரும்பி வரும்போது காரில் ஸ்டெல்லா வாங்க வேண்டிய காய்கறியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்: தவக்காலத்து ஏழு வெள்ளியும் வெறுங்காலோடு சிலுவைப் பாதை செய்கிறேன், அந்தப் புள்ளி வெறும் புள்ளியாகவே இருக்கட்டும்.

மறு ஸ்கேன் ஏப்ரல் 7. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பயந்துபோயிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். வெறுங்காலைத் தவக்கால ஒறுத்தல் என்று எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மழை. பூசை முடிந்து வீடு. காலை சுகர் 139, பரவாயில்லை.

வலது பெருவிரலுக்குக் கீழே, பாதம் ஊன்றும் இடத்தில் ஒரு கால் ஆணி. பழைய சிநேகிதம். வலி கிடையாது, கை வைத்தால் கெட்டியாக ஒரு பட்டாணி. இன்னும் ஆறு வெள்ளி நடக்க வேண்டும், இதை முதலில் ஒழித்துக்கட்டலாம் என்று மருந்து டப்பாவைத் திறந்தேன். மச்சான் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த ஆணி பிளாஸ்திரி, நாலு. நடுவில் வட்டமாக மருந்து தடவியது. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் எறும்பு சைஸ் எழுத்து. கண்ணாடி மாடியில்.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வீடு, கார், வரி எல்லாம் அமெரிக்கா. மருந்து மட்டும் தூத்துக்குடி மெடிக்கல்.

ஒட்டினேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

வெயில். இரண்டாம் வெள்ளி.

காலையில் பிளாஸ்திரியை எடுத்தேன். ஆணி வெள்ளையாக ஊறிப்போய், சுற்றியிருந்த தோலும் சேர்ந்து வெண்ணெய் மாதிரி. மிச்சத்தை ஷேவிங் பிளேடால் சீவிவிட்டேன். சுத்தமான வேலை. யாரிடமாவது காட்டலாம் போலிருந்தது. யாரிடம் காட்ட?

மாலை நடந்தேன். சுகம். ஒன்றுமே தெரியவில்லை.

ஆபீசில் ராஜ்மாவில் உப்பு இல்லை. ஸ்டெல்லாவை அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் டேகேரில் இன்று ஒரு மூன்று வயதுக்காரி கடித்துவிட்டாள். ஸ்டெல்லாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "நல்ல பல்லு அவளுக்கு" என்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

ஓக் மரங்களின் மஞ்சள் மகரந்தத் தூள் ஆரம்பித்துவிட்டது. என் கருப்பு கார் மஞ்சள் கார். தும்மல், தும்மல், தும்மல்.

மூன்றாம் வெள்ளி முடிந்தது. பக்கத்து ஹாலில் மீன் வறுவல் விற்பனை, பார்க்கிங் லாட் முழுக்க வாசம். பத்தாம் ஸ்தலத்தில் ஆண்டவரை நினைக்காமல் மீனை நினைத்தேன்.

ஸ்கேனுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள். ஸ்டெல்லா கேலண்டரில் அந்தத் தேதியில் ஒன்றும் எழுதவில்லை. கேஸ் சர்வீஸ், பல் டாக்டர், பிறந்தநாள் எல்லாம் எழுதியிருக்கிறாள். 7 மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நாலாம் வெள்ளி. 7.40க்கு வீட்டுக்கு வந்தோம். வழக்கம்போல் வாசலில் எல்லாச் செருப்பும் கழற்றி (எனக்குக் கழற்ற ஒன்றுமில்லை), உள்ளே நடந்தேன். ஸ்டெல்லா பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது யாரு காலு?"

வெள்ளை டைல்ஸில் மஞ்சள் தூளாய் என் பாத அடிகள். இடது அடி வெறும் மஞ்சள். வலது அடி ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு. ஹாலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை ஒன்பது பொட்டு.

முதலில் அவள் தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தம். அப்புறம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து என் காலைத் தூக்கினாள். ஆணி இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் ஒரு ஸ்டேப்ளர் பின். மீன் பொட்டலத்துப் பின். புருவம் எடுக்கும் இடுக்கியால் இழுத்து எடுத்தாள்.

"இது குத்தினது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியல."

"இப்ப இழுத்தேனே, அது?"

"தெரியல."

"தெரியலங்கத இவ்வளவு லேசா சொல்லுதீங்க."

சோப்பு போட்டுக் கழுவி பேண்டெய்ட் போட்டாச்சு. சின்னக் கீறல்தான். இன்னும் மூன்று வெள்ளி பாக்கி.

மார்ச் 16, திங்கள்

காலை சுகர் 204. என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தேன். ஒன்றுமில்லை. காரணமே இல்லாமல் 204.

மாலை சாக்ஸ் கழற்ற வரவில்லை, ஒட்டியிருந்தது. வெந்நீரில் கால் வைத்து ஊறவிடலாம் என்று பக்கெட் எடுத்தேன். ஸ்டெல்லா பாத்ரூம் வாசலில். மூக்கைச் சுருக்கினாள். பதினைந்து வருடம் டேகேரில் டயப்பர் மாற்றிய மூக்கு, அதை ஏமாற்ற முடியாது. பக்கெட்டில் விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"இது வெந்நியா, உலையா? இதுல காலப் போடப் போனீங்களா?"

இடது பாதத்தால் தொட்டுப் பார்த்த எனக்கு அது இளஞ்சூடாகத்தான் இருந்தது.

காலைப் போட்டோ எடுத்து டாக்டர் ஆபீசுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள். டாக்டர் ஆபீஸ் பத்து நிமிடத்தில் தானாகக் கூப்பிட்டால் அது நல்ல சேதி இல்லை. நாளை காலை 8.15, பாத டாக்டர்.

மார்ச் 17, செவ்வாய்

பாத டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கையில் நைலான் நூல் மாதிரி ஒன்று. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "தொடும்போது சொல்லுங்கள்."

நான் புத்திசாலி. அவர் ஸ்டூல் கிரீச்சிடும் ஒவ்வொரு தடவையும் "யெஸ்" என்றேன். அவர் நகராமல் உட்கார்ந்தபோது என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வலது காலில் பத்து இடம் தொட்டாராம். நான் சரியாகச் சொன்னது மூன்று. நான் யெஸ் சொன்னது பதினாலு.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

அப்புறம் ஆணிக்கு என்ன மருந்து போட்டேன் என்று கேட்டார். பிளாஸ்திரியை ஸ்டெல்லா ஹேண்ட்பேகிலிருந்து எடுத்து நீட்டினாள் (எப்போது எடுத்து வைத்தாள்?). டாக்டர் அந்த எறும்பு எழுத்தைச் சத்தமாகப் படித்தார்: சர்க்கரை நோய் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. அதிலிருப்பது ஆசிட். ஆணியைத் தின்னும், பக்கத்துத் தோலையும் தின்னும். வலி தெரிகிறவன் கத்துவான், எடுத்துவிடுவான். எனக்குத் தெரியவில்லை, அதனால் அது நிதானமாகச் சாப்பிட்டது. பிறகு பிளேடு. பிறகு தார் ரோடு. பிறகு பின்.

செத்த தோலையெல்லாம் வெட்டி எடுத்தார். மரத்துப்போக ஊசி போடவில்லை. தேவைப்படவில்லை. புண் 12 மி.மீ. எக்ஸ்ரே. எலும்புக்குப் போகவில்லை. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் எலும்பு. எலும்பென்றால் விரலைப் பற்றிப் பேசியிருப்போம்." விரலை எடுப்பதைப் பற்றி என்று அர்த்தம்.

நான் செய்கிற வேலை என்ன? பைப் இன்ஸ்பெக்ஷன். வெளியே பளபளவென்று உறை போட்டிருந்தாலும் உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும், உறையைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்து போடாதே என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். பதினோரு வருடமாக சுகர். இந்த ஆணிக்கு முன் சொந்தப் பாதத்தின் அடிப்பக்கத்தை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று டாக்டர் கேட்டார்.

வலது காலில் முழங்கால் வரை கருப்பு பூட்ஸ், வெல்க்ரோ பட்டை நாலு. புண்ணின்மேல் எடை விழாமலிருக்க. குறைந்தது நாலு வாரம். கார் ஓட்டக் கூடாது. ஆன்டிபயாடிக் பத்து நாள்.

டாக்டர் கொடுத்த லிஸ்ட்:

– தினம் இரண்டு பாதத்தையும் பார்க்க. அடிப்பக்கம், விரலிடுக்கு. குனிய முடியாவிட்டால் கண்ணாடி. (குனிய முடியாது. தொப்பை.)
– கழுவும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு. பாதத்தால் அல்ல. ஊறவைக்கவே கூடாது.
– விரலிடுக்கு ஈரம் போகத் துடைக்க. அங்கேதான் சேற்றுப்புண் வரும்.
– குதிகால் வெடிப்புக்கு கிரீம். விரலிடுக்கில் கிரீம் கூடாது.
– நகம் நேராக வெட்ட, மூலையைத் தோண்ட வேண்டாம். (நான் தோண்டுகிற ஆள்.)
– ஆணியைத் தானே வெட்டாதே. பிளாஸ்திரி ஒட்டாதே. இதற்குக் கீழே டாக்டர் இரண்டு கோடு போட்டார்.
– ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிய பிறகே காலை விட.
– ஷூ வாங்குவது சாயங்காலத்தில், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில்.
– வெள்ளை சாக்ஸ். ரத்தம் வந்தால் தெரியும்.
– வெறுங்காலோடு எங்கேயும் நடக்காதே. வீட்டுக்குள்ளும்.

"வருகிற மூன்று வெள்ளி, முக்கால் மணி நேரம் மட்டும்" என்று ஆரம்பித்தேன். அவர் புரியாமல் பார்த்தார். ஸ்டெல்லா, "ஹி இஸ் ஜோக்கிங்" என்றாள். அவள் முகத்தில் ஜோக் எதுவும் இல்லை.

மார்ச் 18, புதன்

வெயில். ஆபீஸ் போகவில்லை, வீட்டிலிருந்து வேலை.

வீட்டில் யுத்தம். எங்கள் வீட்டில் வாசல் தாண்டி செருப்பு வந்ததில்லை. கேபிள் போட வந்தவனையே உறை மாட்டவைத்த மனுஷி ஸ்டெல்லா. மாதா படம் இருக்கிற அறைக்குள் பூட்ஸா? நான் நியாயமாகத்தான் சொன்னேன், வீட்டுக்குள் மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்று.

"மாதாட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க கழத்தாதீங்க."

பூட்ஸின் அடியை டெட்டால் போட்டுத் துடைத்தாள். இடது காலுக்கு ஒரு புது கேன்வாஸ் ஷூ, அதன் அடியில் மார்க்கரால் 'வீடு' என்று எழுதினாள். அது வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. ஃப்ரிட்ஜில் டேகேர் சார்ட் ஒன்று ஒட்டியிருக்கிறாள். காலையும் மாலையும் பாதம் பார்த்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டிக்கர்.

மாலை இரண்டாவது ஸ்டிக்கரை நானே கேட்டு வாங்கினேன்.

மார்ச் 20, வெள்ளி

ஐந்தாம் வெள்ளி. காலை சுகர் 168, இறங்குகிறது.

ஸ்டெல்லாவுக்கு டேகேரில் பெற்றோர் கூட்டம். அருள்ராஜ் வந்து கூட்டிக்கொண்டு போனான். காரில் போகும்போதே மனதுக்குள் கணக்கு. ஏழில் நாலு முடிந்தது. நாலுக்காக எவ்வளவு கிடைக்கும்? பாதிக்கு மேல். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்பதில் அந்த 'பெரும்பாலும்' எவ்வளவோ, அவ்வளவுதானா? ஒரு ஸ்தலம் மட்டும் வெறுங்காலோடு செய்தால்? கட்டு இருக்கிறதே, மேலே சாக்ஸ் இருக்கிறதே.

முதல் ஸ்தலத்தில் எல்லோரும் முழங்காலில். அமைதி. நான் பின்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பட்டையைப் பிரித்தேன். வெல்க்ரோ சத்தம் பார்க்கிங் லாட்டின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும். நாற்பது தலை திரும்பியது. இரண்டாவது பட்டையில் கை வைத்தேன்.

அருள்ராஜ் எழுந்து வந்தான். குனிந்தான். பிரித்த பட்டையை அவனே இழுத்து ஒட்டினான்.

"டே, என்ன நேர்ச்சைன்னு நான் கேக்கல. ஆனா அத யாருக்காவ நேந்தியோ, அவங்க இத பாத்தா என்னடே சொல்லுவாங்க?"

பதினான்கு ஸ்தலமும் உட்கார்ந்தபடியே. கால் வலிக்கவில்லை, அது பழக்கம். மற்றதெல்லாம் வலித்தது.

மார்ச் 21, சனி

பாவசங்கீர்த்தனம், 3.30. எங்கள் ஃபாதர் நைஜீரியாக்காரர், உரக்கப் பேசுவார். கூண்டுக்கு வெளியே கேட்டுவிடுமோ என்று எனக்கு எப்போதும் கவலை. எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ச்சையை முடிக்க முடியாது, முடிக்காவிட்டால் ஏப்ரல் 7 என்ன ஆகும் என்று.

ஃபாதர் (ஆங்கிலத்தில் சொன்னது, நான் தமிழில் எழுதுகிறேன்): "கடவுள் உன் மனைவியின் உடம்பை உன் பாதத்தோடு கட்டிப்போட்டு வைக்கவில்லை. அந்த நேர்ச்சையை நான் மாற்றித் தருகிறேன், எனக்கு அந்த அதிகாரம் உண்டு. மூன்று வெள்ளிக்குப் பதில் ஒரே ஒரு காரியம். பெரிய வெள்ளிக்குள் இதை உன் மனைவியிடம் சொல்."

பத்து ஜெபமாலை கேட்டிருந்தால் அங்கேயே ஆரம்பித்திருப்பேன்.

"வேறு ஏதாவது, ஃபாதர்?"

"வேறு ஒன்றும் கிடையாது."

மார்ச் 25, புதன்

நேற்று டாக்டர். புண் 9 மி.மீ. "குட்" என்றார். நேற்றோடு ஸ்டிக்கர் சார்ட்டில் பதினாலு நட்சத்திரம்.

சொல்லாததற்குக் காரணங்கள், இதுவரை:

ஞாயிறு: அவள் தம்பி வீடியோ காலில்.
திங்கள்: அவளுக்குத் தலைவலி.
செவ்வாய்: டாக்டர் 'குட்' என்றார், நல்ல நாளைக் கெடுப்பானேன்.
இன்று: மீன் குழம்பு நன்றாக இருந்தது.

மார்ச் 28, சனி

ஆறாம் வெள்ளி நேற்று, வீட்டிலேயே. சாலையோரமெல்லாம் நீலப் பூ. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் காரை நிறுத்திக் குழந்தைகளைப் பூவுக்குள் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள்.

ஸ்டெல்லா கட்டு மாற்றும்போது அவள் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகிட்டில் நரை. ரேடியேஷன் முடிந்த பிறகு டை அடிப்பதை விட்டுவிட்டாள். இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "கால ஆட்டாதீங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

சொல்லிவிட்டேன். இடம்தான் சரியில்லை.

பாத டாக்டரிடம் போக ஃபிஃப்டி நைன் ஃப்ரீவே. ஸ்டெல்லாவுக்கு ஃப்ரீவே என்றால் சிம்ம சொப்பனம். வலது ஓர லேனில், ஐம்பத்தி இரண்டு மைல் வேகத்தில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து. இரண்டு வாரமாக எனக்காக ஓட்டுகிறாள். அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் பேச முடிகிற இடம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அக்டோபர், புள்ளி, ஏழு வெள்ளி, ஃபாதர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் மூன்று எக்ஸிட் கடந்து போனது. நாலாவதில், அது எங்கள் எக்ஸிட் இல்லை, வெளியே எடுத்து ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுததுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"இல்ல."

"அந்தக் காலோட நடந்தது எனக்காவ?"

"ஆமா."

"விரலு போயிருந்தா அதுவும் எனக்காவ. அத வாழ்நாளெல்லாம் நான் பாத்துட்டே இருக்கணும். அப்படித்தான?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள், வண்டி நின்ற பிறகும்.

"ஆறு மாசம். கடவுள்ட்ட கேட்டீங்க. ஃபாதர்ட்ட கேட்டீங்க. எனக்குப் பயமா இருக்கான்னு என்ட்ட ஒரு தடவ கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். இப்போது கேட்டேன்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. தெனமும் இருக்கு. குளிக்கும்போது அந்தப் பக்கம் சோப்பு போட முடியல." அழுதாள். நானும். டயர் கடைக்காரர் வெளியே வந்து எங்களையும் எங்கள் டயரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டரிடம் இருபது நிமிடம் லேட். புண் 6 மி.மீ.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

தூறல். கோயிலில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் பூசை. நாங்கள் போகவில்லை, பார்க்கிங்கிலிருந்து நடக்கும் தூரம் அதிகம். ஸ்டெல்லா அதே நேரத்துக்கு வீட்டில் கட்டு மாற்றினாள். சலைன், பஞ்சு, மருந்து, துணி. எனக்கு ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியது ஞாபகம் வந்து ஏதோ சொல்லப்போனேன்.

"வசனம் எல்லாம் பேசாதீங்க, டேப்ப வெட்டுங்க."

வெட்டினேன்.

டயர் கடை நாளிலிருந்து இருவரும் பேசுகிறோம். பெரிய விஷயமெல்லாம் இல்லை. பயம் எந்த நேரத்தில் வருகிறது என்பது மாதிரி. அவளுக்குக் காலையில், எனக்குச் சாப்பிட்ட பிறகு.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஏழாம் வெள்ளி. மூன்று மணி வெயில். போனேன். பூட்ஸோடு. ஸ்டெல்லா பக்கத்தில், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. ஒவ்வொரு ஸ்தலத்திலும் நாற்காலியை விரித்து, உட்காரவைத்து, மறுபடி மடக்கி. மூன்று ஸ்தலம். அதற்கு மேல் அவள் விடவில்லை. நிழலில் உட்கார்ந்தோம்.

அவள் ஷூவைக் கழற்றுவாளோ, எனக்குப் பதிலாக நடக்கிறேன் என்பாளோ என்று ஒரு பயம் இருந்தது. ஊரில் அப்படிச் செய்வார்கள், ஒருவர் நேர்ச்சையை இன்னொருவர் முடிப்பார்கள். அவள் குனிந்தாள். ஷூ லேஸை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

அருள்ராஜ் தூரத்திலிருந்து என் பூட்ஸைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மட்டன் பிரியாணி, ஒன்றரைக் கரண்டி. இரண்டு மணி நேரம் கழித்து சுகர் 163. ஆண்டவர் உயிர்த்தார், நானும் பரவாயில்லை.

மகள் ஆஸ்டினிலிருந்து போன். "டாட், ஃபீட் செக் பண்ணியா?" ஹேப்பி ஈஸ்டர் அதற்கப்புறம்தான்.

ஸ்டெல்லா கேலண்டரில் 7ஆம் தேதியில் எழுதிவிட்டாள். 'ஸ்கேன் 10.00.' பேனாவில்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வெயில், கொஞ்சம் காற்று. காலை சுகர் 131. பாதம் பார்த்தாச்சு, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. சாதாரண நாளாக எழுதிப் பார்க்கிறேன்.

அவள் ஸ்கேனுக்கு அவளே ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில், பயணி. ஃபிஃப்டி நைனில் ஐம்பத்தி எட்டு வரை போனாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு?"

"இருக்கு."

அதோடு சரி. ரேடியோ போட்டாள்.

காத்திருக்கும் அறை. ஆறு பெண்கள், நான் ஒரு ஆண். சுவரில் மீன் தொட்டி. படம் எடுத்து, ரேடியாலஜிஸ்ட் பார்த்து, இன்றைக்கே சொல்லிவிடுவார்களாம். 10.20க்கு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். ஹேண்ட்பேகை என் மடியில் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். டேகேர் குரலில்:

"நான் வர்ற வரைக்கும் காலக் கீழ வைக்கக் கூடாது."

10.40. வரவில்லை.

10.55. ஒரு அம்மாள் உட்கார இடம் தேடி என் பூட்ஸ் இருக்கும் நாற்காலியைப் பார்த்தார். சாரி என்றேன். எடுக்கவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

11.10. இவளுக்கு முன்னால் போனவர், பின்னால் போனவர், இரண்டு பேரும் வந்து போய்விட்டார்கள். தொடை மரத்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகலாம், மூன்றடி தூரம்தான். போகவில்லை. எதையும் நேர்ந்துகொள்ளவும் இல்லை. நேர்ந்துகொள்ள வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். காலைக் கீழே வைக்காதே என்றாள், வைக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

11.25. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு. ஸ்டெல்லா. கவுனை மாற்றிவிட்டு, தலைமுடி கலைந்து. முதலில் என் காலைப் பார்த்தாள். நாற்காலிமேல்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.